மூச்சுக்கு முந்நூறு

ஆறாம் படுக்கை. இரவு மூன்று பத்து.
சுப்பீரியர் ஏரிக் காற்று
தண்டர் பே ஆஸ்பத்திரியின் கண்ணாடியை
அறைந்துகொண்டே இருக்கிறது.
உள்ளே காற்றுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.
அளந்து, சூடாக்கி, ஈரம் சேர்த்து
நிமிடத்துக்குப் பதினாறு முறை
வால்ட்டர் ஹ்ரின்கிவின் நெஞ்சுக்குள் போய்வருகிறது.
முப்பத்தோரு வருடம் தானியக் கிடங்கில் வேலை.
அப்பா இன்னும் கோதுமைத் தூசிதான் இருமுகிறார் என்பாள் மகள்.

நான் படித்த காலத்தில்
இரண்டு மணிக்கு ஒரு தரம் உறிஞ்ச வேண்டும்,
சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
அதற்கு முன் ஐந்து மில்லி சலைன்,
இளகட்டும் என்று.
பாத்திரம் ஊறவைப்பவளின் நியாயம்.

ரெமி பூஷார் ஒப்புக்கொள்ள மாட்டான்.
சுவாச சிகிச்சையாளன்;
மூச்சுக்கு முந்நூறு தரம் ஆதாரம் கேட்பவன்.
"சலைன் சளியோடு கலக்காது, ஐலா,
கிருமியைத்தான் கீழே அனுப்பும்.
கடிகாரத்தைப் பார்க்காதே, ஆளைப் பார்."
"நீ பார்த்துவிட்டுப் போய்விடுவாய்.
விடிய விடிய
அந்தக் கரகரப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்."
அதற்கு அவனிடம் ஆதாரம் இருக்காது.

இன்று திரையில்
அலைகோட்டுக்கு ரம்பப் பல் முளைத்தது.
முறைப்படி இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.
ஸ்டெதாஸ்கோப் வைத்தேன்:
வலப்பக்கம், ஓட்ஸ் கஞ்சி கொதிக்கும் சத்தம்.
(ரெமி சொன்னதால் இல்லை.
எனக்கும் கண் இருக்கிறது.)

"வால்ட்டர், குழாய் வருகிறது.
இருமல் வரும், மோசமாக இருக்கும்.
பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவேன்."

முன்பெல்லாம் என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன்,
எனக்கு முட்டும்போது அவர்களுக்கும் முட்டும் என்று.
இப்போது சத்தமாக எண்ணுகிறேன்.
மயங்கிக் கிடப்பவருக்கும் கேட்கட்டும்,
இதற்கு ஒரு முடிவு உண்டு என்று.

நூறு சதம் ஆக்சிஜன்.
போகும்போது உறிஞ்சக் கூடாது,
திரும்பும்போதுதான் கட்டைவிரல் அழுத்தும்.
ஒன்று. இரண்டு. மூன்று.
உடம்பு வில்லாக வளைகிறது.
முகம் கத்துகிறது, சத்தமே இல்லாமல்;
குரலின் வாசலில் பிளாஸ்டிக்.
ஐந்து. ஆறு.
குழாய் எதிலோ இடிக்கிறது.
தொண்ணூற்றொன்று
எண்பத்தெட்டு
எண்பத்து நான்கு

ஷூ நாடா அவிழ்ந்தபடி ரெமி ஓடிவந்தான்.
மூச்சுக் காட்டவில்லை.
ஈரமூட்டியின் பக்கம் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
தண்ணீர்ப் பை காலி.
மாற்றியிருக்க வேண்டியவன் அவன்,
கவனித்திருக்க வேண்டியவள் நான்.
எத்தனை மணி நேரமாக
வறண்ட காற்றை ஊட்டினோமோ.

அவன் கையை நீட்டினான்.
"சலைன்."
நான் ஏன் என்று கேட்கவில்லை.

வந்தது: பழுப்பாக, ரப்பர் போல,
கிளை பிரியும் இடத்தின் அச்சு மாறாமல்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி.
எண்பத்தொன்பது. தொண்ணூற்றைந்து.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்,
ஏதோ பிறந்ததைப் பார்ப்பதுபோல.

அறிக்கையில் இருவர் பெயரும் இருக்கிறது.
ஒரு வரி ரெமியின் கையெழுத்து:
சலைன் ஐந்து மில்லி. ஆதாரம் இல்லை.

நான்காம் நாள் குழாயை எடுத்தோம்.
உமிக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.
மகளிடம் இரண்டு வார்த்தை.
பிறகு என்னிடம்:

"எண்ணுகிறவள் நீதானே?
ஒரு ராத்திரி ஆறோடு நிறுத்திவிட்டாய்.
ஏழிலிருந்து நான்தான் எண்ணினேன்."

எதுவரை என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஏரிமேல் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்தது.
ஈரமூட்டி ஓடுகிறதா என்று பார்த்தேன்,
இனி இந்தப் படுக்கைக்கு
அது தேவையில்லை என்பதை மறந்து.